தசைத் தளர்வு மருந்துகள்: ஆம்பூல் விலையில் தெரியாத செலவு

அறுவை சிகிச்சை முடிந்து கைக்கு வரும் மருந்து பில்லில் வெக்குரோனியம், அட்ராகூரியம், நியோஸ்டிக்மின் என்று சில பெயர்கள் இருக்கும். முதல் இரண்டும் தசையைத் தளர்த்தும் மருந்துகள், மூன்றாவது அந்தத் தளர்வை விலக்கும் மருந்து. பெரும்பாலானவர்கள் அந்த வரிகளில் நின்று பார்ப்பதில்லை. ஆன்டிபயாட்டிக் விலையும் இம்பிளான்ட் விலையும்தான் முதலில் கண்ணை உறுத்தும். ஆனால் மயக்கவியல் மருத்துவர்களும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் பல நாடுகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாக மருந்தடைத்த இந்தச் சின்னக் கண்ணாடி ஆம்பூல்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இவற்றில் எது மலிவு? கேட்பதற்குச் சுலபமான கேள்விதான். எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் விடை தலைகீழாக மாறிவிடுகிறது.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நரம்பின் நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தொட்டால்தான் தசை சுருங்கும். தசைத் தளர்வு மருந்து அந்தத் தொடர்பை மறித்துவிடுகிறது. வயிற்றுத் தசை இளகுகிறது, சர்ஜனுக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. குரல்நாண் அசையாமல் நிற்கிறது, மூச்சுக்குழாயில் ட்யூப் எளிதாக இறங்குகிறது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியாலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஒரு குடல்வால் அறுவை சிகிச்சையில் கியுராரே என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அதற்கு முன்பு தசை இளக வேண்டுமென்றால் ஈதர் என்ற மயக்க மருந்தை ஆபத்தான ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இந்த மருந்து வலியைக் குறைப்பதில்லை, நினைவையும் அணைப்பதில்லை. தசையை மட்டும் நிறுத்துகிறது. மூச்சு விடுவதற்கான உதரவிதானமும் தசைதான் என்பதால் மருந்தின் வேலை முடியும்வரை நோயாளிக்கு வென்டிலேட்டர்தான் மூச்சு. தியேட்டரில் மருந்து ‘இறங்க’ எத்தனை நிமிடம் பிடிக்கிறது, ‘விலக’ எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் பணக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் நேரடிக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரண்டு மணி நேர அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். வெக்குரோனியம் என்றால் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் தொடக்கத்தில் 6 மி.கி.; அப்புறம் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. மொத்தம் ஒன்பது பத்து மி.கி. ஆகும். 10 மி.கி. குப்பி ஒன்று போதும். ஸ்டோரில் 4 மி.கி. குப்பிதான் இருக்கிறது என்றால் மூன்று உடைக்க வேண்டும். அட்ராகூரியம் என்றால் கிலோவுக்கு 0.5 மி.கி., அதாவது 30 மி.கி.யில் தொடங்கி, பிறகு ஆறு ஆறு மி.கி.யாக நாலு தடவை; மொத்தம் 54. ஆம்பூலில் இருப்பது 25 மி.கி. இரண்டு போதாது, மூன்றாவதை உடைத்தால் 21 மி.கி. குப்பைக்குப் போகும். ஐம்பதோடு சமாளித்துவிடலாமா என்று யோசிக்கும் மயக்கவியல் மருத்துவர் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைக்க வேண்டாம். கூடவே ஓடும் ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் போன்ற வாயுக்களும் தசையைக் கொஞ்சம் தளர்த்தும் என்பது அவருக்குத் தெரியும். இதே வேலை செய்யும் இன்னொரு மருந்தான ரோக்குரோனியத்தில் 36 மி.கி.யில் தொடங்கி மொத்தம் 65, 70 வரை போகும், 50 மி.கி. குப்பி இரண்டு, அதில் 30 மி.கி. வீண். அட்ராகூரியத்தின் உறவான சிஸ்அட்ராகூரியத்தில் 9 மி.கி.யில் தொடங்கி 15 மி.கி. வரை, 10 மி.கி. குப்பி இரண்டு.

ஆக, ‘ஒரு மி.கி. என்ன விலை’ என்று நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே வேலைக்கு ஒன்றில் 9 மி.கி. போகிறது, இன்னொன்றில் 70. ‘ஒரு குப்பி என்ன விலை’ என்பதும் அரைகுறைக் கணக்குதான். அரிசி மூட்டையின் விலையை மட்டும் வைத்து ஒரு பந்தியின் செலவைச் சொல்ல முடியுமா? ஒரு கேஸுக்கு எத்தனை குப்பி உடைகிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பதினைந்து கிலோ குழந்தைக்கு வெக்குரோனியம் 1.5 மி.கி.தான் முதல் டோஸ். அங்கே 10 மி.கி. குப்பியை ‘மி.கி. கணக்கில் மலிவு’ என்று வாங்கி நிரப்பினால் பெரும்பகுதி சிங்க்கில்தான் போகும்.

வீணாவதில் இன்னொரு வகை இருக்கிறது. அவசரத்துக்கு என்று காலையிலேயே சிரிஞ்சில் ஏற்றி வைக்கிற மருந்து. வேகமாக வேலை செய்யும் தளர்வு மருந்தான சக்சினில்கோலின், தியேட்டர் மொழியில் ஸ்கோலின், பல இடங்களில் தினமும் இப்படி ஏற்றி வைக்கப்படுகிறது. அன்று தேவைப்படாவிட்டால் சாயங்காலம் கொட்டப்படுகிறது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். திடீரென்று குரல்வளை இறுகி மூச்சு அடைபடும்போது ஆம்பூலைத் தேட நேரம் இருக்காது. ஆனால் இந்தச் செலவு எந்த நோயாளியின் பில்லிலும் வராது, ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஃபிரிட்ஜ். ஸ்கோலின், அட்ராகூரியம், சிஸ்அட்ராகூரியம், ரோக்குரோனியம் எல்லாமே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அட்ராகூரியத்தின் கதை இதில் சுவாரசியமானது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டென்லேக் குழுவினர் அதை வடிவமைத்தபோது, ரத்தத்தின் சூட்டிலும் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகும் மூலக்கூறாக அதை அமைத்தார்கள். கல்லீரலோ சிறுநீரகமோ வேலை செய்யாவிட்டாலும் மருந்து விலகிவிடும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் அதற்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் இதுதான். தானாக உடையும் அதே குணத்தால் ஆம்பூலுக்குள்ளும் அது மெல்ல உடைகிறது. வெளியே 25 டிகிரியில் வைத்தால் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் வீரியம் போகும், பதினாலு நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் 25 டிகிரி என்பதே பேராசை. வெக்குரோனியம் உலர்பொடி. அலமாரியில் வைத்திருந்து, தேவைப்படும்போது நீரில் கரைத்துக்கொள்ளலாம். தாலுகா அளவு ஆஸ்பத்திரிகளுக்கு இது சிறிய சௌகரியம் அல்ல. குளிர்ச்சங்கிலி அறுந்து வீரியம் போன மருந்துக்கு டோஸ் கூடும், அல்லது ட்யூப் போடும்போது நோயாளி இருமுவார். இரண்டுக்குமே விலை உண்டு.

இதுவரை பார்த்ததெல்லாம் ஸ்டோர் கீப்பரும் சரிபார்த்துவிடக்கூடிய கணக்கு. சிக்கல் இனிமேல்தான்.

1990-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்துச் செலவைக் குறைக்கும் அலை எழுந்தபோது, தசைத் தளர்வு மருந்துகளில் விலை மிகக் குறைவாக இருந்தது பான்குரோனியம். 1960-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. ஒரு டோஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஒரு மணி நேரத் தளர்வுக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டால் அதை அடிக்க வேறு மருந்து கிடையாது. ஆனால் நீண்ட நேரம் நிற்கும் மருந்து விலகவும் நேரம் எடுக்கும். 1997-ல் டென்மார்க்கில் பெர்க் குழுவினர் 691 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இந்த மலிவின் மறுபக்கத்தைக் காட்டியது. பான்குரோனியம் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு, அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் மருந்தின் பிடி மிச்சம் இருந்தது. அட்ராகூரியமோ வெக்குரோனியமோ பெற்றவர்களில் அது சுமார் 5 சதவீதம்தான். பான்குரோனியத்தின் பிடி மிச்சமிருந்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்களும் கூடுதலாக வந்தன.

மிச்சப் பிடி என்றால் என்ன என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தையல் முடிந்துவிட்டது. நோயாளி கண் திறக்கப் பார்க்கிறார், இமை பாதியில் நிற்கிறது. தலையைத் தூக்கச் சொன்னால் ஒரு விநாடி தூக்கிக் கீழே போட்டுவிடுகிறார். மூச்சு உள்ளே போகிறது, ஆனால் இருமிச் சளியை வெளியே தள்ளும் பலம் இல்லை. தொண்டைத் தசை தளர்ந்திருப்பதால் எச்சில் தவறான வழியில் இறங்கலாம். உணர்வு திரும்பிவிட்டது, உடம்பு திரும்பவில்லை. அவருக்கு அது எவ்வளவு பயங்கரமாக இருக்கும்! இந்த நிலையில் ட்யூபை எடுத்துவிட்டால் ஒருவேளை மறுபடி போட வேண்டிவரும். இரண்டு நாள் கழித்து நிமோனியா வரலாம். ஐசியூவில் ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும், ஆம்பூலில் மிச்சம் பிடித்த பணம் எத்தனை நூறு கேஸ்களில் சேர்ந்ததோ அத்தனையும் ஒரே நாளில் போய்விடும்.

ஸ்கோலினுக்கும் இதே மாதிரிக் கணக்கு ஒன்று உண்டு. 1950-களின் தொடக்கத்தில் வந்த மருந்து, அடிமட்ட விலை, ஒரு நிமிடத்துக்குள் தளர்வு, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் விலகிவிடும். வேகத்துக்கு இன்றும் அதற்குப் பெயர் உண்டு. 2001-ல் டெக்ஸ்டர் குழுவினர் அமெரிக்காவில் அதன் பக்க விளைவுகளுக்கெல்லாம் விலை போட்டுப் பார்த்தார்கள்: மறுநாள் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போன்ற தசைவலி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது, அரிதாக வரும் கொடிய உடல்வெப்ப ஏற்றம், எல்லாம் சேர்த்து. மருந்தின் கொள்முதல் விலையைப் போல இருபது மடங்குக்கும் மேல் வந்தது. பிரிட்டனில் 2018-ல் வெளிவந்த தேசியத் தணிக்கையில், கடும் ஒவ்வாமை ஸ்கோலின் பெற்ற ஒரு லட்சம் பேரில் சுமார் 11 பேருக்கு வந்திருந்தது. ரோக்குரோனியத்தில் அது ஆறுக்கும் சற்றுக் குறைவு, அட்ராகூரியத்தில் நாலு.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. ஸ்கோலினை உடைப்பது ரத்தத்தில் இருக்கும் பியூட்டிரில்கோலினெஸ்ட்டரேஸ் என்ற நொதி. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2006-ல் வெளியான ஆய்வு, வைசிய சமூகத்தினர் சிலரிடம் இந்த நொதி இல்லாமல்போகக் காரணமான மரபணு மாற்றத்தை அடையாளம் காட்டியது. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஸ்கோலின் கொடுத்தால் ஐந்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும், அதுவரை வென்டிலேட்டர்தான். ‘குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்து எழுவதற்கு ரொம்ப நேரம் ஆச்சா?’ என்று முன்பரிசோதனையில் கேட்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கேள்விக்குச் செலவே கிடையாது. கேட்காமல் விட்டால் ஐசியூ பில்.

சரி, மருந்தை விலக்குவதற்கான மருந்துக்கு வருவோம். பழைய வழி நியோஸ்டிக்மின். கூடவே இதயத்துடிப்பு குறையாமலிருக்க கிளைகோபிரோலேட். இரண்டுமே மலிவு. இவை தளர்வு மருந்தை நேரடியாகத் தொடுவதில்லை. அசிடைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுத்து, அசிடைல்கோலின் அளவைக் கூட்டிப் போட்டியில் ஜெயிக்க வைக்கின்றன. அதனால் மருந்தின் பிடி ஏற்கெனவே ஓரளவு தளர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். புதிய வழி சுகமடெக்ஸ். ரோக்குரோனியம், வெக்குரோனியம் மூலக்கூறுகளை ஒரு வளையம்போலச் சுற்றிப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. அட்ராகூரியம் வகையில் அது செல்லாது. ஐரோப்பாவில் 2008-லேயே அனுமதி கிடைத்தது. அமெரிக்கா 2015 டிசம்பர் வரை தள்ளிப்போட்டது. 2017-ல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுத்தர ஆழப் பிடியை விலக்க நியோஸ்டிக்மினுக்குச் சுமார் 13 நிமிடமும் சுகமடெக்ஸுக்குச் சுமார் 2 நிமிடமும் ஆகின. சராசரியாகப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம்.

அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெறும்? பிரிட்டனில் 2010-ல் வெளியான சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. நான் பார்த்தவற்றில் மிக நேர்மையான கணக்கு அது. அன்று 200 மி.கி. சுகமடெக்ஸ் குப்பியின் பட்டியல் விலை 59.64 பவுண்டு. நியோஸ்டிக்மின் கலவை ஒன்றிரண்டு பவுண்டுக்குள். மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் குறைந்தது 2.40 பவுண்டு மதிப்பு இருந்தால்தான் சாதாரண உபயோகத்தில் சுகமடெக்ஸ் கட்டுப்படியாகும் என்று முடிவு வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிமிடத்துக்கு ஊழியர் செலவு 4.44 பவுண்டு, ரெக்கவரி அறையில் 0.33 பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது ஒரே மருந்து, ஒரே நிமிடம். தியேட்டருக்குள் மிச்சமானால் லாபம், பக்கத்து அறையில் மிச்சமானால் நஷ்டம். அந்த மதிப்பீடு எடுத்துக்கொண்ட நேர மிச்சம் அதிகம். காக்ரேன் சொன்ன பத்து நிமிடத்தை வைத்துப் போட்டால், தியேட்டருக்குள்ளேயே நிமிடத்துக்கு ஐந்தேமுக்கால் பவுண்டு தேவைப்படும், 4.44 அங்கேயும் பற்றாது.

இன்னொன்றும் இருக்கிறது. மிச்சமான பத்து நிமிடம் பணமாக மாற வேண்டுமென்றால் அதை யாராவது பயன்படுத்த வேண்டும். நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் சம்பளம் மாதக் கணக்கில். தியேட்டர் பத்து நிமிடம் முன்னதாகக் காலியானால் அது குறையாது. ஒரு நாளில் ஆறு ஏழு சின்னக் கேஸ் போடும் தியேட்டரில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் மிச்சமானால் இன்னொரு கேஸ் போடலாம், அல்லது ஓவர்டைம் நிற்கும். நாளுக்கு ஒரே பெரிய கேஸ் நடக்கும் இடத்தில் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் உதவாது. விற்பனைப் பிரதிநிதிகள் நீட்டும் அட்டைகளில் நிமிடங்களை ரூபாயாகப் பெருக்கிக் காட்டியிருப்பார்கள். அந்தப் பெருக்கலை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பார்த்தால்? அங்கே சான்றுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. அமெரிக்காவின் 12 ஆஸ்பத்திரிகளில் 45,712 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வந்த ஆய்வில், சுகமடெக்ஸ் பெற்றவர்களில் நுரையீரல் சிக்கல் 3.5 சதவீதம், நியோஸ்டிக்மின் பெற்றவர்களில் 4.8. அதற்குச் சற்று முன்பு ஐரோப்பாவின் 28 நாடுகளில் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், தளர்வு மருந்து பெற்றவர்களுக்குச் சிக்கல் கூடுகிறது, சுகமடெக்ஸ் கொடுத்தாலும் அது குறையவில்லை என்று வந்திருந்தது. இரண்டுமே நடந்ததைக் கவனித்துப் பதிந்த ஆய்வுகள், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. இவற்றில் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பவர்களிடம் மற்றொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்கோலினைத் தள்ளிவிட்டு முழுக்க ரோக்குரோனியத்துக்கு மாறுவோம், ட்யூப் போட முடியாமல் போனால் சுகமடெக்ஸ் கொடுத்து உடனே திருப்பிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி உடனடியாகத் திருப்ப டோஸ் கிலோவுக்கு 16 மி.கி. அறுபது கிலோவுக்கு 960 மி.கி., ஐந்து குப்பி. பழைய பிரிட்டிஷ் விலையில் கிட்டத்தட்ட 300 பவுண்டு. அதை வாங்கி அலமாரியில் வைத்திருக்க வேண்டும், பயன்படாமல் காலாவதியாகும் செலவையும் ஏற்க வேண்டும்.

இப்போது சுகமடெக்ஸின் காப்புரிமைகள் முடிந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பாவில் மற்றக் கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக் மருந்துகள் வந்துவிட்டன. குப்பி 15 பவுண்டுக்கு வந்தால் நிமிடத்துக்கு ஒன்றரைப் பவுண்டுக்கும் குறைவாகவே தேவைப்படும். தியேட்டர் நேரத்துக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். ரெக்கவரி அறையின் 0.33 பவுண்டு கணக்குக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் குப்பி நாலரைப் பவுண்டு அளவுக்கு இறங்க வேண்டும்.

நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக டெண்டர் போட்டு வாங்குகிறது. 1994-ல் தொடங்கிய இந்த முறையைப் பார்த்துக் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் அதே வழியில் கழகம் அமைத்தன. மொத்தக் கொள்முதலில் பழைய மருந்துகளின் விலை சில்லறை அட்டை விலையைவிட வெகுவாக இறங்கிவிடும். அதனால் வெக்குரோனியத்துக்கும் அட்ராகூரியத்துக்கும் இடையே கேஸுக்குச் சில ரூபாய் வித்தியாசம் பற்றிச் சண்டை போடுவதில் பயன் குறைவு. சிறுநீரகம் பழுதானவருக்கு அட்ராகூரியம், ஃபிரிட்ஜ் நம்பகமில்லாத இடத்துக்கு வெக்குரோனியம், மூச்சுப்பாதை சிக்கலானவருக்கும் வயிறு நிறைந்த அவசரக் கேஸுக்கும் வேகமான மருந்து என்று நோயாளியைப் பார்த்துப் பிரிப்பதுதான் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அட்ராகூரியம், சக்சினில்கோலின், வெக்குரோனியம், நியோஸ்டிக்மின் எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்தே பாதுகாப்பாக மயக்கம் கொடுத்து எழுப்ப முடியும், ஆனால் பிடி விலகிவிட்டதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, நரம்புக்கு அடுத்தடுத்து நாலு மின்துடிப்பு கொடுத்தால் கட்டைவிரல் நாலு முறை துள்ளும். நாலாவது துள்ளல் முதலாவதில் 0.9 பங்காவது இருந்தால்தான் ட்யூபை எடுக்கலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், இதைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணாக அளந்து காட்டும் கருவியையே பயன்படுத்தச் சொல்கிறது. ஒருமுறை வாங்கினால் பல ஆயிரம் கேஸ்களுக்கு உழைக்கும். ஸ்டிக்கர் மட்டும் கேஸுக்கு ஒரு செட். யாருக்கு நியோஸ்டிக்மினே போதும், யாருக்குச் சுகமடெக்ஸ் உண்மையிலேயே தேவை, யாருக்கு இன்னும் பத்து நிமிடம் வென்டிலேட்டரில் விட்டாலே சரியாகிவிடும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். சுகமடெக்ஸ் குப்பியையும் இந்தக் கருவியையும் ஒரே பட்ஜெட்டில் கேட்டு, ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கருவியைத்தான் முதலில் வாங்க வேண்டும்.